தஞ்சம் தேடும் தன்பாலீர்ப்பாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆணை விரும்பும் ஆண் என்ற ஒரே காரணத்துக்காக ஊரைவிட்டு ஓட வேண்டியவர்களும், அவர்களுக்குத் துணையாக நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கே ஆண்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். லெஸ்பியன் பெண்களுக்கும் இருபாலீர்ப்பு உள்ளவர்களுக்கும் இதில் நிறையப் பொருந்தும். திருநருக்கு வரும் சிக்கல்கள் பல இடங்களில் வேறு மாதிரி, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டிலும் ஆட்சி மாறினால் மாறும். உங்கள் கேஸை ஒரு வக்கீலிடம் காட்டாமல் இதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் அகதி அந்தஸ்து தருவார்களா?

தருவார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் தன்பாலீர்ப்பு பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, 'குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல்' என்று ஐந்து காரணங்கள்தான் அதில் உண்டு. கடைசியாக நான் சொன்ன அந்தச் சமூகக் குழு என்ற கதவு வழியாகத்தான் இந்தக் கேஸ்கள் உள்ளே வருகின்றன.

கதவு சும்மா திறக்கவில்லை. 1980இல் மரியெல் துறைமுகத்திலிருந்து படகுகளில் சுமார் 1,25,000 கியூபர்கள் அமெரிக்கா வந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி கியூப அரசு 'தன்பாலீர்ப்பாளர்' என்று தனிக் கோப்பே வைத்திருந்தது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், மருத்துவப் பரிசோதனை செய்வார்கள், சில சமயம் நாள்கணக்கில் அடைத்தும் வைப்பார்கள். கடைசியில், நாட்டைவிட்டுப் போ, இல்லையென்றால் நான்கு வருடம் சிறை என்றார்கள். 1990இல் அமெரிக்கக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அவருடைய வாதத்தை ஏற்றுக்கொண்டது. 1994இல் அந்தத் தீர்ப்பு எல்லா வழக்குகளுக்கும் முன்னுதாரணமாக அறிவிக்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை: அவர் கரை இறங்கிய காலத்தில் தன்பாலீர்ப்பாளர்கள் குடியேறவே கூடாது என்று அமெரிக்கச் சட்டத்தில் தடை இருந்தது. அது நீங்கியதும் 1990இல்தான்.

கனடா உச்ச நீதிமன்றம் 1993இல் இதே வழியில் சமூகக் குழுவுக்கு விளக்கம் சொன்னது. ஐ.நா. அகதிகள் முகமை 2012இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகவே 'இப்படி ஒரு காரணம் உண்டா' என்பது இன்று கேள்வியே இல்லை. 'நீ அப்படிப்பட்டவன்தான் என்று நான் எப்படி நம்புவது' என்பதில்தான் பெரும்பாலான கேஸ்கள் விழுகின்றன.

எங்கள் நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆனால் யாரையும் பிடித்து உள்ளே போடுவதில்லை. அப்போதும் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் சட்டம் இருக்கிறது என்று சொல்வது மட்டும் போதாமல் போகலாம். உலகில் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒருபால் உறவு இன்றும் குற்றம். பல நாடுகளில் அது பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்ற பிரிவு, எழுதியவர்கள் கப்பலேறிப் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. இரான், சவூதி அரேபியா, ஏமன் போன்ற நாடுகளில் மரண தண்டனைவரை உண்டு. உகாண்டா 2023இல் கொண்டுவந்த சட்டம் சில சூழ்நிலைகளுக்கு மரண தண்டனை விதிக்கிறது. சியரா லியோன், உகாண்டா, செனகல் நாட்டினர் மூவரின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013இல் சொன்னது இதுதான்: ஒருபால் உறவைக் குற்றமாக்கும் சட்டம் இருப்பது மட்டுமே துன்புறுத்தல் ஆகாது, சிறைத் தண்டனை நடைமுறையில் உண்மையாகவே விதிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் பயப்பட வைப்பவர்கள் எல்லோரும் சீருடை போட்டவர்கள் இல்லை. அண்ணன், மாமா, பக்கத்து வீட்டுக்காரர், காசு பறிக்கும் கும்பல், யாரும் உங்களைத் துன்புறுத்தலாம். போலீசிடம் போனால் காப்பாற்றுவார்களா, அல்லது புகார் கொடுத்தவனையே பிடித்து வைப்பார்களா? சட்டப் பிரிவு ஓர் ஆளையும் சிறைக்கு அனுப்பாமல் வெறுமனே புத்தகத்தில் கிடந்தாலும், மிரட்டுகிறவன் கையில் அது ஆயுதம்தான். அதை உங்கள் வாழ்க்கையில் நடந்த சம்பவங்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தலைகீழாகவும் நடக்கும். எகிப்தில் 'தன்பாலீர்ப்பு குற்றம்' என்று நேரடியான சட்டம் கிடையாது. 1961ஆம் ஆண்டு ஒழுக்கக்கேட்டுச் சட்டத்தை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். 2001 மே மாதம் கெய்ரோவில் நைல் நதியில் நின்ற கேளிக்கைப் படகிலிருந்தும் நகரின் வேறு இடங்களிலிருந்தும் ஆண்களைப் பிடித்து, 52 பேரைக் கூண்டில் நிறுத்தினார்கள். பின்னாட்களில் டேட்டிங் ஆப்களில் போலிக் கணக்கு தொடங்கி ஆள் பிடித்தார்கள். ரஷ்யாவின் ஒரு பகுதியான செச்னியாவில் 2017இல் ஆண்களைக் கடத்தி வதைத்தபோது ரஷ்யச் சட்டப்படி ஒருபால் உறவு குற்றமே இல்லை.

வெளியே காட்டிக்கொள்ளாமல் இருந்தால் பிரச்சினை இல்லையே என்று அதிகாரி கேட்டால்?

இருபது வருடங்களுக்கு முன்பு இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பல நாடுகளில் கேஸ்களைத் தள்ளுபடி செய்தார்கள். 'ஊருக்குத் திரும்பிப் போ, அடக்கமாக இரு.'

இதை முதலில் மறுத்த நாடுகளில் ஒன்று ஆஸ்திரேலியா. வங்கதேசத்திலிருந்து வந்த ஓர் ஆண் இணையரின் வழக்கில், 2003இல் அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அடக்கமாக வாழ்வார்கள் என்று வைத்துக்கொண்டு முடிவெடுப்பது தவறு என்றது. ஏன் அடக்கமாக இருக்கிறார்கள், பயத்தினால்தானா என்று கேட்டுப் பார்க்க வேண்டாமா என்பதே அதன் சாரம். 2010 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. அந்த வழக்கில் ஒருவர் இரானியர், மற்றவர் கேமரூன் நாட்டவர். கேமரூன்காரர் தன் வீட்டுத் தோட்டத்தில் காதலனை முத்தமிட்டதை யாரோ பார்த்துவிட, ஊரே திரண்டு வந்து அடித்தது. கீழ் நீதிமன்றங்கள் இருவரையும் ஊருக்கே போகச் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது.

தீர்ப்பில் ஒரு நீதிபதி, மற்ற ஆண்கள் பீர் குடித்துப் பெண்களைப் பற்றிப் பேசி மகிழ்வதைப் போல கே ஆண்கள் பாடகி கைலி மினோக்கின் கச்சேரிக்குப் போகவும் வண்ண வண்ண காக்டெயில் குடிக்கவும் சுதந்திரம் வேண்டும் என்று எழுதினார். நல்ல மனதோடுதான் எழுதினார். ஆனால் கச்சேரியும் பிடிக்காது, காக்டெயிலும் குடிக்க மாட்டேன் என்கிற ஆளும் கே ஆக இருக்கலாம். இதைச் சில அதிகாரிகளுக்கு இன்னும் விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நுணுக்கம் உண்டு. 'நான் ஏன் மறைத்து வாழ்ந்தேன்' என்பதற்குப் பயம்தான் காரணம் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 'எனக்கு இயல்பாகவே வெளியே சொல்லப் பிடிக்காது' என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால் கேஸ் திசை மாறிவிடும்.

ஊரில் இருந்தபடியே விண்ணப்பிக்க முடியுமா? எந்த நாட்டுக்குப் போவது?

பெரும்பாலும் முடியாது. அகதி என்ற சொல்லுக்கான இலக்கணமே சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர் என்பதுதான். தூதரகத்தில் போய் நின்றால் வேலை நடக்காது. முதலில் எல்லையைத் தாண்டியாக வேண்டும். கையில் விசா இருப்பவர்கள் நேராக ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ போய் அங்கேயே கேட்பார்கள். இல்லாதவர்கள் பக்கத்து நாட்டுக்குத்தான் போக முடியும், அந்தப் பக்கத்து நாடும் பல சமயம் அதே சட்டத்தை வைத்திருக்கும்.

உகாண்டாக்காரர்களுக்கு நடந்தது அதுதான். அங்கே 2014இல் வந்த முந்தைய சட்டத்துக்குப் பயந்து நூற்றுக்கணக்கானவர்கள் கென்யாவுக்கு ஓடினார்கள். கென்யாவிலோ 14 வருடம்வரை சிறை என்று சட்டம். வடமேற்கில் வறண்ட நிலத்தில் இருக்கும் காகுமா முகாமில் மற்ற அகதிகளே இவர்களை அடித்தார்கள். 2021 மார்ச்சில் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. தீக்காயமடைந்த ஒருவர் அடுத்த மாதம் இறந்துபோனார். ஆபத்தைத் தாண்டி வந்தவர்களைத்தான் முகாமுக்குள் அது தேடி வந்தது.

இரானியர்கள் துருக்கிக்குப் போகிறார்கள், விசா தேவையில்லை என்பதால். ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குத் துருக்கி முழு அகதி அந்தஸ்து தருவதில்லை. டெனிஸ்லி, எஸ்கிஷெஹிர் போன்ற ஏதாவது ஊரை ஒதுக்கி, அங்கேயே இருந்து அவ்வப்போது கையெழுத்துப் போடச் சொல்வார்கள். மூன்றாம் நாடு ஒன்று கூப்பிடும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். உலக அகதிகளில் ஒரு வருடத்தில் அப்படி மறுகுடியமர்த்தப்படுபவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்கா 2025 ஜனவரியில் தன் மறுகுடியமர்த்தல் திட்டத்தை நிறுத்திவைத்தபோது, டிக்கெட் வரை வந்தவர்களும் அப்படியே நின்றார்கள்.

டொராண்டோவில் 2006இல் தொடங்கிய ரெயின்போ ரெயில்ரோடு என்ற அமைப்பு இப்படிப்பட்டவர்கள் வெளியேற உதவுகிறது. கனடா அரசு 2023இல் அதைத் தன் அகதிகள் திட்டத்துக்கு நேரடியாக ஆட்களைப் பரிந்துரைக்கும் பங்காளியாக்கியது. ஆனால் அவர்களுக்கு வரும் கோரிக்கைகள் அவர்களால் சமாளிக்க முடிவதைவிட மிக அதிகம். எழுதுங்கள், ஆனால் அதையே நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். பணம் கொடுத்தால் 'கே விசா' வாங்கித் தருகிறேன் என்று சொல்கிற ஏஜென்ட் யாராக இருந்தாலும் திருடன்தான். அப்படி ஒரு விசா எங்கும் இல்லை.

நான் கே என்று எப்படி நிரூபிப்பது?

என்னென்ன தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படுக்கையறை வீடியோ தேவையில்லை. உடற்பரிசோதனை தேவையில்லை. யாரோடு எத்தனை முறை என்ற கணக்கு தேவையில்லை.

ஐரோப்பாவில் இது தீர்ப்பாக வருவதற்கு முன் மூன்று பேர் பட்டபாடு பெரிது. மூவரும் நெதர்லாந்தில் தஞ்சம் கேட்டவர்கள். ஒருவர், முதல் விண்ணப்பத்தை நம்பவில்லை என்றதும், 'என்ன பரிசோதனை வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்' என்றார். இன்னொருவர் தன் அந்தரங்க வீடியோவையே அதிகாரிகளிடம் கொடுத்தார். மூன்றாமவர் இரண்டையும் செய்யவில்லை. தன் உணர்வுகளைப் பற்றி அவர் சொன்னது மேலோட்டமாக இருக்கிறது என்று சொல்லி அவரையும் நிராகரித்தார்கள். 2014 டிசம்பர் 2ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இவற்றுக்கெல்லாம் கோடு போட்டது. பாலுறவு விவரங்களைத் துருவக் கூடாது, பரிசோதனை கூடாது, விண்ணப்பதாரரே கொடுத்தாலும் அப்படிப்பட்ட வீடியோவை வாங்கக் கூடாது.

அதற்கு முன்பு செக் குடியரசில் ஆபாசப் படத்தைக் காட்டி ஆணுறுப்பின் ரத்த ஓட்டத்தை அளந்த காலமெல்லாம் இருந்தது. பிறகு ஹங்கேரி உளவியல் பக்கம் போனது. நைஜீரிய இளைஞர் ஒருவரிடம் பேப்பரைக் கொடுத்து, மழையில் நிற்கும் ஓர் ஆளை வரையச் சொன்னார்கள். மைக்கறைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். அதை வைத்து அவர் கே என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்று அறிக்கை எழுதினார்கள்! 2018 ஜனவரியில் அந்த வகைச் சோதனைக்கும் அதே நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. அதே வருடம் ஆஸ்திரியாவில் ஓர் ஆப்கன் பையனின் நடை, உடை, நடத்தை எதுவும் கே மாதிரி இல்லை என்று நிராகரிப்புக் கடிதத்திலேயே எழுதிய அதிகாரியின் கதையும் வெளியே வந்தது.

சரி, வேறென்னதான் வேண்டும்? உங்கள் கதை வேண்டும். லண்டன் வழக்கறிஞர் எஸ். செல்வன் உருவாக்கிய ஒரு முறையைப் பல நாடுகளில் நேர்காணலுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் நான்கு படிகள்: மற்றவர்களிலிருந்து நான் வேறுபட்டவன் என்று உணர்ந்தது, அதனால் வந்த களங்கம், உள்ளே ஊறிய வெட்கம், நேர்ந்த அல்லது நேரக்கூடிய தீங்கு. படுக்கையறை பற்றி ஒரு கேள்விகூட இல்லாமல் ஓர் ஆளின் வாழ்க்கையை இதை வைத்துக் கேட்டுவிடலாம்.

'உங்களுக்கு எப்போது தெரிந்தது?' என்று கேட்பார்கள். தேதி சொல்ல வேண்டியதில்லை. 'எனக்குத் தெரிந்தது, குழப்பமாக இருந்தது, பயமாக இருந்தது' என்று நிறுத்திவிட்டால் அதைத்தான் மேலோட்டம் என்று எழுதுவார்கள். வகுப்பில் ஒரு பையனுக்குப் பக்கத்தில் உட்காருவதற்காகக் கண் தெரியவில்லை என்று பொய் சொல்லி இடம் மாறியது, கிரிக்கெட் முடிந்து எல்லோரும் சட்டையைக் கழற்றும்போது நீங்கள் மட்டும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் விலகிப் போனது, அவன் எண்ணை ஒரு பெண் பெயரில் போனில் சேமித்து வைத்தது. இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான் நம்ப வைக்கும். இவற்றைப் பொய்யாகக் கட்டிச் சொல்வது யாருக்கும் எளிதல்ல. இதில் உள்ள கொடுமை என்னவென்றால், ஊரில் உயிர் பிழைக்க நீங்கள் கற்றுக்கொண்ட எல்லாமே இங்கே எதிராக வேலை செய்கிறது. மெசேஜை அழித்தீர்கள், போட்டோ எடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அதிகாரி அதற்கெல்லாம் ஆதாரம் கேட்கிறார். 'ஆதாரம் இல்லை, இருந்திருந்தால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன்' என்பதும் ஒரு பதில்தான். தயங்காமல் சொல்லுங்கள்.

இருக்கிற ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்: மிரட்டல் செய்திகள், மருத்துவமனைச் சீட்டு, விஷயம் தெரிந்த நண்பர் எழுதும் கடிதம். போனில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள். நேர்காணலுக்கு முன்பே வருட வரிசையாக ஒரு தாளில் எழுதி வக்கீலோடு உட்கார்ந்து பாருங்கள். நினைவில்லாததற்கு 'நினைவில்லை' என்று சொல்லுங்கள். உத்தேசமாகச் சொன்ன மாதத்தை வைத்தே முரண்பாடு கண்டுபிடிப்பார்கள்.

முதல் நேர்காணலில் பயந்துபோய் வேறு காரணம் சொல்லிவிட்டேன். முடிந்ததா?

முடியவில்லை, ஆனால் கஷ்டம் கூடிவிட்டது. விமான நிலையத்தில் சீருடைக்காரரைப் பார்த்தவுடன் வாழ்நாள் ரகசியத்தைக் கொட்ட யாராலும் முடியாது. முதலில் சொல்லவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவெடுக்கக் கூடாது என்று மேலே சொன்ன 2014 தீர்ப்பே கூறுகிறது. எவ்வளவு சீக்கிரம் திருத்துகிறீர்களோ அவ்வளவு நல்லது. அமெரிக்காவில் வந்து சேர்ந்த ஒரு வருடத்துக்குள் தஞ்சம் கேட்க வேண்டும் என்ற கெடு வேறு இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விதிவிலக்கை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊர்க்காரராக இருந்தால்?

நிறையப் பேர் உண்மையைச் சொல்லாமல் விடுவதற்கு இதுதான் காரணம். எதிரே இருக்கும் வெள்ளைக்கார அதிகாரியிடம்கூடச் சொல்லிவிடலாம். பக்கத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்திருப்பவர் ஊர்க்காரர், அப்பா வயது. அவர் சங்கத்துக்குப் போவார், ஊர்ச் சொந்தங்களைத் தெரிந்திருக்கும். நீங்கள் வாயைத் திறக்கும்போதே அவர் முகம் சுருங்குவதைப் பார்ப்பீர்கள்.

நேர்காணலுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: வேறு நாட்டைச் சேர்ந்த, அதே மொழி பேசும் ஆள் வேண்டும், அல்லது போன் வழியாக மொழிபெயர்க்க வேண்டும், அல்லது பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பல நாடுகளில் இதைக் கேட்க உரிமை உண்டு. உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாது என்பது விதி, மீறினால் மொழிபெயர்ப்பாளரின் வேலை போகலாம். நடுவில் அவர் நீங்கள் சொன்னதைக் கூசிக் குறைத்துச் சொல்கிறார் அல்லது அசிங்கமான சொல்லைப் போடுகிறார் என்று தோன்றினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முடிந்தபின் சொன்னால் எடுபடுவது கஷ்டம். உங்கள் நாட்டு அரசாங்கத்துக்குத் தகவல் போகுமா என்றும் கேட்கிறார்கள். நீங்கள் தஞ்சம் கேட்டதை அதிகாரிகள் உங்கள் தூதரகத்துக்குச் சொல்லக் கூடாது.

எனக்குக் கல்யாணமாகி குழந்தை இருக்கிறது. நம்புவார்களா?

கல்யாணம் செய்துவைத்தார்கள் என்பதே உங்கள் கதையின் ஒரு பகுதி. மறைக்காதீர்கள். மனைவி பெயரையும் பிள்ளைகள் பெயரையும் படிவத்தில் எழுதாமல் விட்டால் பின்னால் அதுவே பொய்யாகிவிடும். அந்தப் பெண்ணுக்கும் இதில் ஒரு கஷ்டம் உண்டு, அதையும் மரியாதையோடு சொல்லுங்கள்.

பொய்யாக 'நான் கே' என்று சொல்லி வருகிறவர்கள் இருக்கிறார்கள்தானே?

இருக்கலாம். அதற்காகத் தப்பு செய்யாத ஆள் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதைத்தான் மேலே படித்தீர்கள்.

காத்திருக்கும் விடுதியில் பாதுகாப்பு உண்டா?

எட்டுப் பேர் அறையில், எந்தக் கூட்டத்துக்குப் பயந்து ஓடி வந்தீர்களோ அதே கூட்டத்தோடு படுக்க வேண்டி வரலாம். தொல்லை இருந்தால் விடுதிப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் மைக்ரோ ரெயின்போ என்ற அமைப்பு 2017 முதல் இவர்களுக்கென்றே தனி வீடுகள் நடத்துகிறது. ஜெர்மனியில் சில நகரங்களில் தனி விடுதி உண்டு. எல்லா ஊரிலும் கிடையாது.

அரசாங்கங்களே மோசமான இடத்துக்கு அனுப்பிய கதையும் உண்டு. ஆஸ்திரேலியா படகில் வந்தவர்களைப் பாப்புவா நியூ கினியின் மானுஸ் தீவுக்கு அனுப்பிவைத்தது. அங்கே ஆண்களுக்கிடையிலான உறவுக்கு 14 வருடம்வரை சிறை. உள்ளே இருந்த கே ஆண்கள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பழையபடி வாயை மூடிக்கொண்டார்கள்.

இங்கே வந்த பிறகு காதல் எல்லாம் சுலபமா?

சுலபம் என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். முதல் ஆறு மாதத்தில் டேட்டிங் ஆப் ஒன்றை இறக்கி, நீங்களே உங்கள் முகத்தைப் போடுகிறீர்கள். ஊரில் கனவிலும் செய்திருக்க மாட்டீர்கள். அப்புறம் பதில்கள் வரத் தொடங்கும். உங்கள் தோல் நிறத்தைச் சொல்லி வேண்டாம் என்பார்கள், அல்லது அதே தோல் நிறத்துக்காக மட்டும் வேண்டும் என்பார்கள். இரண்டுமே அவமானம்தான். அகதி என்று சொன்னதும் பேச்சை நிறுத்துபவர்கள் உண்டு. தெருவில் ஒருவர் உங்கள் கையைப் பிடித்தால், மனம் சந்தோஷப்படுவதற்கு முன் உடம்பு சுற்றும் முற்றும் பார்க்கும். அது போக நாளாகும், சிலருக்கு முழுசாகப் போவதே இல்லை. கூட இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் தன்னைப் பார்த்து வெட்கப்படுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று. அவருக்குக் குடியுரிமை, உங்களுக்குக் கையில் தற்காலிகச் சீட்டு. வீடு அவர் பெயரில், மொழி அவருடையது, நண்பர்கள் அவருடையவர்கள். நல்லவராக இருந்தால் பிரச்சினையில்லை. கோபம் வரும்போது 'உன் கேஸைப் பற்றிச் சொல்லிவிடுவேன்' என்று ஒரு முறை சொன்னாலும் அது மிரட்டல்தான். உங்கள் கேஸ் உங்கள் நாட்டில் உங்களுக்குள்ள ஆபத்தைப் பற்றியது. அதை முறித்துப்போட அவருக்கு அதிகாரம் இல்லை. குடும்ப வன்முறைக்கான உதவி எண்கள் ஆண்களுக்கும் உதவும்.

கேஸுக்காகக் காதலன் பிடிக்கவும் வேண்டாம். தனியாக இருப்பவனும் கே தான். கே பாருக்குப் போய் டிக்கெட் சேர்த்துவைக்கச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். குடிக்காத, கூட்டம் பிடிக்காத ஆளை அங்கே நிற்கவைத்து எடுத்த போட்டோவில் அவஸ்தைதான் தெரியும்.

ஊரில் விட்டுவந்தவர் இருந்தால் இன்னும் சிக்கல். குடும்ப இணைப்பு விசாவுக்குத் திருமணப் பதிவோ சேர்ந்து வாழ்ந்த ஆதாரமோ கேட்பார்கள். சேர்ந்து ஓர் அறை எடுக்கவே முடியாத நாட்டில் எங்கிருந்து வரும் வாடகை ஒப்பந்தம்? சில நாடுகள் இந்தச் சூழலைக் கணக்கில் எடுக்கின்றன. அதற்கு நீங்கள் முதல் நாளிலேயே அவர் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். கனடாவில் ஆரம்பத்தில் சொல்லாமல் விட்ட துணையைப் பின்னால் அழைப்பதற்குச் சட்டத்திலேயே தடை உண்டு. அவருடைய பாதுகாப்புக்காக மறைக்கிறேன் என்று நினைத்து, அவர் வருவதற்கான வழியையே அடைத்துவிடாதீர்கள்.

எல்லாம் கிடைத்துவிட்டது. ஏன் இன்னும் சந்தோஷமாக இல்லை?

அனுமதிக் கடிதம் வந்த வாரத்தில் உடைந்துபோனவர்கள் நிறைய. ஓடிக்கொண்டிருக்கும்போது அழ நேரமில்லை. நின்றவுடன்தான் எல்லாம் வந்து சேரும்: தூக்கமின்மை, திடுக்கிடல், 'நான் மட்டும் தப்பித்தேன்' என்ற குற்ற உணர்ச்சி. அடைபட்டிருந்த நண்பன் ஒருவனின் போன் நின்றுபோன நாளை மனம் திரும்பத் திரும்ப நினைக்கும். இது பைத்தியம் இல்லை. அகதிகளோடு பழகிய மனநல ஆலோசகரிடம் போங்கள். முதல் சந்திப்பிலேயே நீங்கள் கே என்று சொன்னபோது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். மாற்றிவிடலாம் என்று பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1990 மே 17இல்.

தன்னை ஏற்றுக்கொள்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நேர்காணலுக்காக உங்கள் வெட்கத்தை ஒரு கதையாக்கினீர்கள்: முதலில் குழப்பம், பிறகு துன்பம், கடைசியில் விடுதலை. அதிகாரிக்கு அது தேவைப்பட்டது. வாழ்க்கை அந்த வரிசையில் போகாது. முப்பது வருடம் 'இது பாவம்' என்று கேட்ட காது ஒரு முத்திரையால் மாறாது. பிரைடு ஊர்வலத்தில் ஆடவில்லை என்றால் நீங்கள் தோற்றுப்போகவில்லை. இங்கேயும் யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்பது உங்கள் இஷ்டம். ஒரே வித்தியாசம், இப்போது மறைப்பது தேர்வாக இருக்கலாம், கட்டாயமாக இருக்கக் கூடாது.

என் மதத்தை விட்டுவிட வேண்டுமா?

யாரும் அப்படிச் சொல்ல முடியாது. சாமி கும்பிடுவதும் தொழுவதும் சிலருக்கு ஊரிலிருந்து கூடவே வந்த ஒரே துணை. லாஸ் ஏஞ்சலஸில் 1968இல் தன்பாலீர்ப்பாளர்களுக்காகவே தொடங்கிய மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் இன்று பல நாடுகளில் இருக்கிறது. இஸ்லாத்தில் வெளிப்படையாக கே என்று அறிவித்த முதல் இமாம்களில் ஒருவர் எனப்படும் தென்னாப்பிரிக்காவின் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ் பல வருடம் இவர்களுக்காகத் தொழுகை நடத்தினார். 2025 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இடம் உண்டு என்பதும், அந்த இடத்துக்கு விலை உண்டு என்பதும் இரண்டும் உண்மை.

நேர்காணலில் 'உன் மதம் இதை அனுமதிக்கவில்லையே, எப்படிச் சமாளிக்கிறாய்?' என்று கேட்பார்கள். மதத் தத்துவம் விளக்க வேண்டாம். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் சொல்லிவிடலாமா?

அவசரம் இல்லை. ஏன் போனாய் என்று கேட்டால் வேலை, படிப்பு என்று சொல்லியிருப்பீர்கள், அது அப்படியே இருக்கலாம். சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் யோசியுங்கள்: விஷயம் தெரிந்தால் வீட்டில் இருப்பவர்களை ஊர் என்ன செய்யும், அம்மா தனியாக அதைத் தாங்க வேண்டி வருமா. சிலர் தங்கையிடம் சொல்வார்கள், தங்கை வழியாக அம்மாவுக்குப் போகும். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கவும் வாய்ப்புண்டு, கல்யாணப் பேச்சை எடுக்காமல் விட்டபோதே தெரிந்திருக்கும்.

அகதி அந்தஸ்து வந்தபின் ஊருக்குப் போய் வரலாமா?

ஆபத்து. உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும், ஊருக்குப் பறந்தாலும், அந்நாட்டின் பாதுகாப்பை நீங்களே மறுபடி ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அந்தஸ்தை ரத்து செய்யலாம். அப்பா சாகக்கிடக்கிறார் என்றாலும் முதலில் வக்கீலுக்குப் போன். பக்கத்து நாட்டில் வந்து சந்திக்கச் சொல்லலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

உதவ நினைக்கிறேன். அவருடைய கதையை எழுதி, போட்டோ போடலாமா?

அவர் கேட்காமல் வேண்டாம். நேர்காணலில் சொன்னதற்கும் நீங்கள் எழுதியதற்கும் ஒரு தேதி மாறினால் அதையும் எடுத்துவைப்பார்கள். முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கையில் குத்திய பச்சை, குரல், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், எதை வைத்தும் ஊரில் ஒருவர் அடையாளம் காண்பார். அவருக்கு அந்தஸ்து கிடைத்துப் பல வருடம் ஆகியிருந்தாலும் கேளுங்கள். தம்பி தங்கைகள் இன்னும் அங்கேதான் இருப்பார்கள். எழுதுவதைவிட, நேர்காணல் நாளில் கூடப் போய் வெளியே காத்திருப்பது அவருக்கு அதிகம் உதவும். காலை எட்டு மணிக்குப் போனால் சாயந்திரம்வரை ஆகும், போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு போங்கள்.